ரேஷன் கடை கைரேகையும் வெளிப்படுத்தின விசேஷமும்

மேற்கு ஆசியாவில் ஏவுகணை பறந்தால் எங்கள் வேதபாடக் கூட்டத்துக்கு அந்த வாரம் ஆள் கூடிவிடும். 2023 அக்டோபரில் கூடியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோதும் கூடியது. பல மாதமாகத் தலைகாட்டாதவர்கள்கூட வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். எடுத்துவைத்த பாடம் யாக்கோபு நிருபமாக இருக்கும். பத்து நிமிஷத்துக்குள் ஒருவர் கையைத் தூக்கி, "அண்ணே, அது இருக்கட்டும், இப்ப நடக்கிறது எசேக்கியேல் 38 தானே?" என்று கேட்டுவிடுவார். அதோடு அன்றைய பாடம் கடைசிக்காலத்துக்குத் திரும்பிவிடும்.

கேட்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு கிடந்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்விகளுக்கு அடியில் பயம் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிய பயம், வேலையைப் பற்றிய பயம், தான் கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற பயம். எனக்கு ஆதங்கமே இதில்தான். தானியேல் புத்தகமும் வெளிப்படுத்தின விசேஷமும் ஏற்கெனவே பயந்துபோயிருந்த ஜனங்களுக்கு அந்தப் பயம் தெளிவதற்காக எழுதப்பட்டவை. அவற்றையே கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்களை இன்னும் பயமுறுத்தினால், அவர் எங்கோ தலைகீழாக வாசிக்கிறார் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். கூட்டத்தில் அடிக்கடி வருகிற கேள்விகளையும், நான் படித்ததையும் நம்புவதையும் வைத்துச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் "எப்போது?" என்பதுதான். இதற்கு மாற்கு 13-இலும் மத்தேயு 24-இலும் இயேசுவே பதில் சொல்லிவிட்டார்: பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இவ்வளவு பச்சையாகச் சொன்ன பிறகும் தேதி குறிக்கிற வேலை நின்றபாடில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் 8-இல் வரும் 2300 நாட்களை வருஷங்களாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457-இலிருந்து எண்ணிக் கூட்டிப் பார்த்தார். அவருடைய இயக்கத்தார் கடைசியாக நம்பிக் காத்திருந்த நாள் 1844 அக்டோபர் 22. மில்லர் ஏமாற்றுக்காரர் அல்ல. வருஷக்கணக்காக வேதத்தை வரிவரியாகப் படித்த மனிதர். அவரை நம்பியவர்களில் சிலர், இனி எதற்கு என்று விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். மறுநாள் வழக்கம்போல் பொழுது விடிந்தது. அந்த நாளை 'மகா ஏமாற்றம்' என்றே சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இது அமெரிக்கக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் உபதேசியாரின் கிறிஸ்தியான்பேட்டையை ஒட்டி ஒரு பெரிய எழுப்புதல் உண்டானது. அந்த அலையின் தொடர்ச்சி 1870-களில் திருவிதாங்கூரிலும் எழும்பியது. அங்கே அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் யுஸ்துஸ் யோசேப்பு. பாலக்காட்டுப் பிராமணக் குடும்பத்தில் இராமய்யன் என்ற பெயரில் பிறந்து, கிறிஸ்தவராகி, குருப்பட்டம் பெற்றவர். நல்ல சங்கீத ஞானம் உள்ளவர். கேரள சபைகளில் இன்றும் அவருடைய பாட்டுகளைப் பாடுகிறார்கள். அப்பேர்ப்பட்டவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1875-இல், இன்னும் ஆறு வருஷத்தில், அதாவது 1881 அக்டோபர் 2-ஆம் தேதி ஆண்டவர் வந்துவிடுவார் என்று அறிவித்தார்கள். தேதி கடந்துபோனது. நம்பி வந்தவர்களில் பலர் திரும்பி வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. பக்தியும் படிப்பும் பாட்டும் இருந்தும் இந்தக் கண்ணியில் விழ முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வேறு விதமானவர்களும் உண்டு. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28 நள்ளிரவு என்று குறித்துக் கொடுத்தார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்று சபைக்குக் கொடுத்தார்கள். தேதிக்கு முன்பே போலீஸ் அவரைக் கைது செய்தது. விசாரித்ததில், தாம் சொன்ன தேதிக்கும் அப்பால் முதிர்வடைகிற கடன்பத்திரங்களை அவர் வாங்கி வைத்திருந்தது தெரியவந்தது. மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். தேதி சொல்கிற யாரைக் கேட்டாலும் எனக்கு இந்தக் கடன்பத்திரம் ஞாபகம் வரும். மாறாக அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்து, அது பொய்த்து, அக்டோபர் 21 என்று மாற்றி, அதுவும் பொய்த்த பிறகு, 2012-இல் தேதி குறித்ததே பாவம் என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். தொண்ணூறு வயதில் அப்படி ஒப்புக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். அதற்குள் எத்தனையோ பேருடைய சேமிப்பு அந்த விளம்பரப் பலகைகளில் கரைந்து போயிருந்தது.

தேதி சொல்லாமல் "இந்தத் தலைமுறைதான்" என்று வளைத்துச் சொல்கிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பேசிவிட்டுப் போனவர் அடுத்த ஊரில் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் வருஷங்களை யார் திருப்பித் தருவது?

அடுத்து மிருகத்தின் முத்திரை. இந்தக் கேள்வியை என்னிடம் மிகவும் நேர்மையாகக் கேட்டவர் ஒரு பெரியம்மா. கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, ரேஷன் கடையில அந்த மிஷின்ல விரலை வைக்கச் சொல்றான். வலது கையில முத்திரை இல்லாம வாங்கவும் முடியாது விக்கவும் முடியாதுன்னு வேதத்துல போட்டிருக்கே. நான் போன மாசம் அரிசி வாங்கவே போகல." சொல்லிக்கொண்டே வலது கைப் பெருவிரலைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். பீடி சுற்றியும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்துபோன விரல் அது. வைத்தாலும் அந்த மிஷின் லேசில் ஏற்றுக்கொள்ளாது. விதவை, பென்ஷனும் ரேஷனும்தான் ஜீவனம். அந்த மாதம் அவர் வீட்டில் அரிசி இல்லாமல் போனதற்கு யாரோ ஒருவருடைய யூடியூப் பிரசங்கம் காரணம்.

அவர் மட்டுமல்ல. மிசோரத்திலும் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இதே காரணத்தைச் சொல்லி ஆதார் எடுக்க மறுத்தது செய்தித்தாள்களில் வந்தது. அதற்கு முன் பார்கோடு முத்திரை என்றார்கள், பிறகு கடன் அட்டை என்றார்கள், கொரோனாக் காலத்தில் தடுப்பூசி என்றார்கள். அந்த ஊசியைப் போடாமல் உயிரை விட்டவர்களை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

பெரியம்மாவுக்கு நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில், வலது கையிலோ நெற்றியிலோ போடும் அந்த முத்திரை தனியாக வரவில்லை. மிருகத்தின் சிலையை வணங்குவதோடு சேர்ந்துதான் வருகிறது. அந்தப் புத்தகத்தை முதலில் கையில் வாங்கியவர்கள் எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு ஊர்ச் சபையார். பெர்கமுவில் கி.மு. 29-லேயே அகுஸ்து ராயனுக்குக் கோயில் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். பேரரசனைத் தெய்வமாகக் கும்பிடுவது அந்த ஊர்களில் அரசியலும் பிழைப்பும் ஆகிய இரண்டும். தொழில் செய்கிறவர்கள் தங்கள் தங்கள் சங்கத்தின் விருந்துக்குப் போகவேண்டும், அங்கே படைத்ததைச் சாப்பிடவேண்டும். போகாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். சுமார் கி.பி. 112-இல் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி, தன் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. கிறிஸ்தவர் என்று பிடித்துவரப்பட்டவர்களைப் பேரரசனின் உருவத்துக்கு முன்னால் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லி, கிறிஸ்துவைச் சபிக்கவும் சொல்லிச் சோதித்ததாக அதில் எழுதியிருக்கிறார். படைத்தவர்களை விட்டுவிட்டார். மறுத்தவர்களைக் கொல்ல அனுப்பினார்.

இந்த ஜனங்களுக்குத்தான் முத்திரையைப் பற்றிய எச்சரிப்பு. யாரை வணங்குகிறாய் என்பதே அங்கே கேள்வி. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால், ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அது என்ன மிஷின் என்று நாம் யாரும் கேட்பதில்லை. அவர்கள் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்கிறது என்று சட்டென்று புரிந்துகொள்கிறோம். முதல் நெற்றியை ஒரு விதமாகவும் இரண்டாவது நெற்றியை வேறு விதமாகவும் வாசிப்பது நியாயமா? ரேஷன் கடைக்காரர் பெரியம்மாவிடம் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவில்லை. தெரியாமல், தூங்கும்போது, ஊசி போடும்போது யாரும் இந்த முத்திரையை வாங்கிவிட முடியாது. அது மனமறிந்து முழங்கால் போடுகிற காரியம். "அப்ப அரிசி வாங்கலாம்" என்றார். வாங்கலாம் என்றேன். மறுநாளே போய் வாங்கிவிட்டார். அரசாங்கம் கைரேகையைச் சேர்த்து வைப்பதில் குடிமகனாகக் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. அவற்றைக் கேட்கத்தான் வேண்டும். இரட்சிப்பு அதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

அதே அதிகாரம் மிருகத்தின் எண் என்று சொல்லும் 666 யார் என்று கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. பெயரைக் கூட்டி எண்ணாகச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். ரோமப் பேரரசன் நேரோவின் பெயரை 'நேரோன் கேசர்' என்று எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. சில பழைய பிரதிகளில் இந்த எண் 616 என்று இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் துண்டிலும் அப்படியே. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியு பிஷப்பே இந்த வேறுபாட்டைக் குறிப்பிட்டு, 666 தான் சரி என்று வாதாடுகிறார். நேரோன் என்பதை லத்தீன் வழக்கப்படி கடைசி 'ன்' இல்லாமல் நேரோ என்று எழுதினால் அந்த எழுத்தின் மதிப்பான 50 குறைந்து சரியாக 616 வரும். ஒரே விளக்கத்தில் இரண்டு எண்ணும் பொருந்துவதால் இதுவே எனக்கு உறுதியாகப் படுகிறது. லூதர் போப்பாண்டவரைச் சொன்னார், பிற்பாடு நெப்போலியனைச் சொன்னார்கள், ஹிட்லரைச் சொன்னார்கள், நெற்றியில் மச்சம் இருந்த கோர்பசேவைக்கூட விடவில்லை. நேரோவைப் போன்றவர்கள் பின்னாலும் வந்தார்கள், இனியும் வருவார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. பலரும் இந்த மிருகத்துக்குக் கொடுக்கிற அந்திக்கிறிஸ்து என்ற பெயர் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில்தான் இருக்கிறது. அங்கேயும் அப்படிப்பட்ட பலர் ஏற்கெனவே புறப்பட்டிருக்கிறார்கள் என்றே யோவான் சொல்கிறார்.

"முன்னைவிட இப்போது பூமியதிர்ச்சியும் பஞ்சமும் யுத்தமும் அதிகமாகத்தானே இருக்கிறது?" இதுவும் தவறாமல் வரும். ரிக்டர் 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் நெடுங்காலச் சராசரியாக ஆண்டுக்குப் பதினைந்து, பதினாறு வருகின்றன. சில வருஷம் கூடும், சில வருஷம் குறையும். முன்பு அலாஸ்காவில் பூமி குலுங்கினால் நம் பக்கத்து நாசரேத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. இப்போது பத்து நிமிஷத்தில் போன் அதிர்கிறது. முதல் சபையாருக்கும் இவை புதிதல்ல. அந்த ஏழு ஊர்களில் சர்தையும் பிலதெல்பியாவும் கி.பி. 17-இல் ஒரே ராத்திரியில் இடிந்த ஊர்கள். லவோதிக்கேயா கி.பி. 60-இல் இடிந்தது, ரோமாபுரியிடம் உதவி கேட்காமல் தன் பணத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டது என்று டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். தன்னை ஐசுவரியமுள்ளவன் என்று மெச்சிக்கொண்டதற்காக அந்த ஊர்ச் சபை வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிந்துகொள்ளப்படுவதை இந்தச் செய்தியோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

இந்த அடையாளங்கள் வருகிற மத்தேயு 24 ஆரம்பிக்கிற இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சீஷர்கள் எருசலேம் தேவாலயத்தின் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். ஏரோது எடுத்துக் கட்டியது. இன்றும் மேற்குச் சுவரின் அடியில் 13 மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைக்கல் இருக்கிறது. இது எல்லாம் இடிந்துபோகும் என்றார் இயேசு. எப்போது என்று ஒலிவ மலையில் உட்கார்ந்து கேட்டார்கள். ஏறக்குறைய 40 வருஷம் கழித்து, கி.பி. 70-இல், தீத்துவின் படை அதை இடித்தது. அந்தத் தேவாலய வளாகத்தின் தென்மேற்கு மூலையில், கீழே தெருவில் போய் விழுந்த கற்கள் விழுந்தபடியே கிடப்பதை இன்றும் பார்க்கலாம். யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைக்கு ஓடட்டும் என்று அவர் சொன்னது அந்த நாளுக்கான நேரான அறிவுரை. எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற ஊருக்குத் தப்பிப் போனதாக எசேபியு எழுதிவைத்திருக்கிறார். அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி இப்படி நிறைவேறியாயிற்று என்றே நான் வாசிக்கிறேன். மனுஷகுமாரன் மகிமையோடு வருவது மீதியிருக்கிறது, அதற்குக் காத்திருக்கிறேன். யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேட்டுக் கலங்க வேண்டாம் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பிரசங்கத்தில் யுத்தமும் பஞ்சமும் வந்துவிடும். கலங்காதே என்பது மட்டும் எப்படியோ விடுபட்டுவிடும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளையும், கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குழந்தை குட்டிகளையும் கடல் அள்ளிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மொத்தமாகக் குழி வெட்டிப் புதைத்து மண் காயும் முன்பே, இது பாவத்துக்கு விழுந்த அடி, கடைசிக்கால அடையாளம் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைப்பதற்கு இயேசு இடமே கொடுக்கவில்லை; கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். ஒருவருடைய சவத்தைக் காட்டி இன்னொருவருக்குப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த இடத்தை மறுபடியும் படிக்கவேண்டும்.

இஸ்ரேலைப் பற்றி. 1948 மே 14-இல் அந்த நாடு உருவானதை மத்தேயு 24-இல் இயேசு சொன்ன அத்திமரம் துளிர்த்ததாக எடுத்துக்கொண்டு, ஒரு தலைமுறைக்கு 40 வருஷம் என்று கூட்டி 1988 என்றார்கள். எட்கர் விசனன்ட் என்பவர் 1988-இல் வருகை நடப்பதற்கு 88 காரணங்கள் என்று எழுதிய சிறு புத்தகம் லட்சக்கணக்கில் பரவியது. 1988 போய்விட்டது. எசேக்கியேல் 38-இல் இஸ்ரேலின்மேல் வடக்கிலிருந்து படையெடுத்து வரும் மேசேக்கை மாஸ்கோ என்றும் தூபாலைத் தொபோல்ஸ்க் என்றும் ஓசை ஒற்றுமையை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என்று இதே பெயரில் இரண்டு நாட்டார் வருகிறார்கள். இருவரும் இன்றைய துருக்கிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த எசேக்கியேல் தனக்குத் தெரிந்த உலகத்தின் வடகோடியைத்தான் சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 16-இல் சொன்னபடி ஐபிராத்து நதி வற்றுகிறது என்று காட்டும் வீடியோக்களுக்கும் ஒரு வார்த்தை: துருக்கியும் சிரியாவும் அதன் குறுக்கே பெரிய அணைகளைக் கட்டிப் பல வருஷம் ஆகிறது, மழையும் குறைந்திருக்கிறது.

யூத ஜனத்துக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் தள்ளுபடி ஆகவில்லை என்று ரோமர் 11-ஐ வாசித்து நம்புகிறவன் நான். அதற்காக ஓர் அரசாங்கம் போடுகிற ஒவ்வொரு குண்டுக்கும் ஆமென் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து அரசு மானியத்தோடு எருசலேம் புனிதப் பயணம் போகிறவர்கள் பெத்லகேமில் ஒலிவ மரத்தில் செதுக்கிய சிலுவையும் குடிலும் வாங்கி வருகிறார்கள். அதைச் செதுக்குகிறவர்களில் பலர் அரபு மொழி பேசும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள். 2023 அக்டோபர் 19-இல் காசாவின் புனித பொர்பிரியு ஆலய வளாகத்தில் ஒரு கட்டடம் குண்டுவீச்சில் இடிந்தபோது, அதில் தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் சிக்கிச் செத்தன. நம்முடைய பல ஜெபக்கூட்டங்களில் அவர்களுக்காக ஒரு வரி ஜெபம்கூட ஏறெடுக்கப்படவில்லை. ஒருவேளை நம்முடைய தீர்க்கதரிசன அட்டவணையில் அவர்களுக்கு ஒரு கட்டம் இல்லாததுதான் காரணமோ? அப்படியானால் கோளாறு அட்டவணையில்தான்.

இரகசிய வருகையைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: பள்ளிக்கூடம் விட்டு வருகிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டாள், நான் கைவிடப்பட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்து அழுகிறார். அம்மா மாவு அரைக்கப் போயிருப்பாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இந்தத் திகிலைக் கொடுக்கிற எதையும் நற்செய்தி என்று சொல்ல என் நாவு கூசுகிறது.

கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்னால் சபை மட்டும் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், ஏழு வருஷம் கழித்து ஆண்டவர் பகிரங்கமாக வருவார் என்று வருகையை இரண்டாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர் பிரதரன் சபைத் தலைவர் ஜான் நெல்சன் டார்பி. காலம் 1830-கள். 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம் இதைப் பக்கத்தின் அடியில் குறிப்பாக அச்சிட்டது. அடிக்குறிப்பும் வசனமும் வாசிக்கிறவர் மனதில் ஒன்றாகிவிட்டன. நம் பக்கத்துக்கு இந்தத் தொடர்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஆரம்பகால பிரதரன் வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார்; மேலே சொன்ன அருளப்பன் அவரோடு நெருங்கிப் பழகியவர். பிற்பாடு 1924-இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் முதலான சபைகள் வருகைக்கு ஆயத்தமாவதையே தங்கள் ஊழியத்தின் மையமாக வைத்தன. அந்தச் சபை மக்களின் ஒழுக்கத்தையும் ஜெப ஜீவியத்தையும் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. வருகையை இரண்டாகப் பிரிக்கும் இந்த ஒரு போதனையை மட்டும் என்னால் வேதத்தில் காண முடியவில்லை.

1 தெசலோனிக்கேயர் 4-இல் பவுல் எழுதுவது செத்துப்போனவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்த ஒரு சபைக்கு. உங்கள் ஆட்கள் பின்தங்கிவிட மாட்டார்கள், அவர்கள்தான் முந்தி எழுந்திருப்பார்கள் என்று ஆறுதல் சொல்கிறார். ஆரவாரமும் எக்காள சத்தமுமாக வருகிற அந்த வருகையில் இரகசியம் எங்கே இருக்கிறது? ஆகாயத்தில் எதிர்கொண்டுபோவதை நம் ஊர் மாப்பிள்ளை அழைப்போடு சேர்த்து யோசித்தால் எனக்குத் தெளிவாகிறது. பெண் வீட்டார் மேளதாளத்தோடு ஊர் எல்லைவரை போவது மாப்பிள்ளையோடு சேர்ந்து வேறெங்கோ போய்விடுவதற்கல்ல, அவரை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்புவதற்கு. அந்தக் காலப் பட்டணத்து ஜனங்களும் பேரரசன் வந்தால் வாசலுக்கு வெளியே போய் அப்படித்தான் அழைத்து வந்தார்கள். வெளிப்படுத்தின விசேஷமும் நாம் மேலே ஏறிப் போவதோடு முடியவில்லை. புதிய எருசலேம் கீழே இறங்கி வருவதோடு முடிகிறது.

ஆயிரம் வருஷ அரசாட்சி சொல்லர்த்தமானதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. அகுஸ்தீன் காலத்திலிருந்து பக்தியுள்ளவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரே ஓர் அதிகாரம்தான் பேசுகிறது. அதற்காகச் சபையைப் பிரிக்க வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, ஆண்டவர் வரப்போறார்னா இருபது வருஷத்துக்கு லோன் போட்டு இடம் வாங்குறது விசுவாசக் குறைச்சலா?" தெசலோனிக்கேயாவிலும் இதே குழப்பம் இருந்தது. நாள் நெருங்கிவிட்டது என்ற பேச்சில் அந்தச் சபை கலங்கிப்போயிருந்தது. சிலர் வேலைவெட்டி இல்லாமல் திரிந்தார்கள். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று பவுல் கறாராக எழுதினார்.

அவனை எரேமியா 32-ஐ எடுக்கச் சொன்னேன். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. பட்டணம் பிடிபடும் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்காகவே எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை மிதித்துக்கொண்டிருக்கிற மண். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். முடிவு வருகிறது என்று அந்தப் பட்டணத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த மனிதர் செய்த காரியம் இது. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்று தேவன் சொன்னதை அவர் நம்பினார். நம்பியதைப் பத்திரமாக எழுதி வைத்தார்.

தம்பி ரொம்ப நேரம் அந்த அதிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இடம் பார்த்திருப்பது எங்கே என்று சொன்னான். தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கு, முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார், தவணை உன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்றேன். மறுநாள் இரண்டு பேருமாக சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம்.